கூட்டிப் பெருக்கிய பாறை

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு பாறை இருந்தது. மலை என்று சொல்ல முடியாது. ஏறினால் மூச்சு வாங்காது. பாய் விரித்தாற்போல அகலமாகக் கிடக்கும். ஊர் மொத்தத்துக்கும் அதுதான் களம். மானாவாரி நிலத்தை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ராகி எடுக்கிறவர்கள் நாங்கள். கதிரை அதில்தான் காயப்போட்டு, மாடு விட்டு மிதிப்போம். மண் தரையில் மிதித்தால் அப்புறம் களியெல்லாம் மண்தான்.

எண்பதுகளில் அந்தப் பாறைக்குக் கேடு வந்தது. கருங்கல் குவாரிக்கு யாரோ கேட்டிருக்கிறார்களாம். காரிமங்கலம் சந்தைக்குப் போனவர்கள் சேதி கொண்டுவந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலிலேயே கூடி ஆளாளுக்குக் கத்தினோம். கத்தி என்ன செய்ய? தருமபுரிக்குப் போய் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியது என் மாமனார்தான். "ஒருக்கா வந்து பாருங்கய்யா, அது எங்க களமுங்க" என்று கெஞ்சிக் கூத்தாடி, ஒருவழியாக ஓர் அதிகாரியை வரச் சம்மதிக்க வைத்துவிட்டார்.

அங்கேதான் எங்கள் புத்தியே எங்களைக் கெடுத்தது. பெரிய மனுஷர் வருகிறார் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? கூட்டிப் பெருக்குவோம். மாமனார் ஊரையே விரட்டினார்.

"ஆபீசரு நடக்கற எடத்துல கதிரு கெடக்கலாமா? வாருங்க, வாருங்க!"

காய்ந்துகொண்டிருந்த கதிரையெல்லாம் வாரி அவரவர் வீட்டில் போட்டோம். சாணிக் கறையைக்கூடத் தேய்த்துக் கழுவினோம். நடுவில் ஒரு நாற்காலி போட்டோம்.

ஜீப் வந்தது. அவர் உட்காரக்கூட இல்லை. சுற்றிப் பார்த்தார்.

"களம்னீங்களே, எங்க? வெறும் பாறையாத்தானே கெடக்கு."

மருமகளாவது மண்ணாங்கட்டியாவது என்று முன்னால் போய் நின்றேன்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் கால் வெக்க எடமில்லீங்கய்யா. நீங்க வர்றீங்கன்னுதானுங்க வாரினோம்."

"எல்லா ஊர்லயும் இப்படித்தாம்மா சொல்றாங்க. நான் கண்ணால பாக்கறதத்தான் எழுத முடியும்."

வீட்டுக்கு ஓடினேன். ஒரு கூடை கதிரைத் தூக்கிவந்து அவர் காலடியில் கொட்டினேன். எனக்குப் பின்னால் மற்றப் பெண்களும் ஓடிவந்து கொட்டினார்கள். "பாருங்கய்யா, இப்பப் பாருங்க!" என்று அழுதோம். அவர் கதிரை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி நடந்து ஜீப்பில் ஏறிக்கொண்டார். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பாறைக்கு வெடி வைத்தார்கள். அடுத்த அறுப்புக்குக் களம் இல்லை. தார் ரோட்டில் கதிரைப் பரப்பினோம். போகிற வண்டி ஏறி நசுக்கினால்தான் மணி உதிரும். பஸ் எப்போதாவது வரும். ஓயாமல் வந்ததெல்லாம் எங்கள் பாறையை ஏற்றிக்கொண்டு போன லாரிகள்தான்.

அந்த ராகியை அரைத்து முதல் களி கிண்டிப் போட்டேன். மாமனார் ஒரு வாய் வைத்ததும் நிறுத்தினார். வாயிலிருந்து ஒரு கருங்கல் சில்லை எடுத்து வட்டில் ஓரத்தில் வைத்தார்.

"வேற போடட்டுங்களா மாமா?"

"வேணாம்மா" என்றார். அந்தக் கல்லை விரலால் புரட்டிப் பார்த்தார். "கூட்டாம வுட்டிருக்கலாம்மா" என்று சொல்லி, களிக் கையோடு அழ ஆரம்பித்தார்.