பிலோ அக்கா பாட்டை மறந்த நாள்

போன கிழமை எங்கள் நகரத்தின் வில்லரேப் பகுதியில் பல் வைத்தியரின் கதிரையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். அவர் கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டுச் சொத்தைப் பல்லில் வைத்தார். அந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குப் பிலோ அக்காமேல் கோபம் வந்துவிட்டது. பழைய கோபம்தான், ஆனால் கொஞ்சமும் ஆறவில்லை. வாயைத் திறந்தபடி கோபப்படுவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. வைத்தியர் நோகிறதா என்று பிரெஞ்சில் கேட்டார். தலையாட்டினேன். வேறு என்னத்தைச் சொல்வது?

பிலோ அக்கா பாடுவதற்கு முன்னர் கடைவாயில் ஒரு கராம்பை அடக்கிக்கொள்வார். தொண்டைக்கு நல்லதாம். பிலோமினா என்பது முழுப்பெயர். மட்டக்களப்பில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் அவரை அறிந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். பகலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிப்போகும் வேலை. வெள்ளி மாலைகளில் நகர நடுவில் ஒரு சின்ன மதுக்கடையில் ஜாஸ் பாடகி. சிரிக்காதீர்கள், உண்மைதான். முதலில் அந்தக் கடையைத் துடைக்கத்தான் போனாராம். காலையில் பியானோக்காரர் தனியே பழகிக்கொண்டிருக்க, இவர் துடைப்பத்தடியைப் பிடித்தபடி கூடப் பாடியிருக்கிறார். அவரும் நிறுத்தவில்லை, இவரும் நிறுத்தவில்லை. அடுத்த மாதம் துடைப்பதற்கு வேறு ஆள் பிடித்துவிட்டார்கள்.

நான் லாசால் பகுதியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலையில் இருந்தேன். சனி ஞாயிறுகளில் எங்கள் மெல்லிசைக் குழுவுக்குக் கீபோர்ட். கலியாணம், பெரியபிள்ளையானவர்களுக்குச் செய்யும் சாமத்தியவீடு, தமிழ்ச் சங்கத்து விழா எல்லாவற்றுக்கும் நாங்கள்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இசைத்தட்டுப் போலவே இருக்கும் என்பதுதான் எங்கள் பெருமை. ஒரு பாட்டில் வரும் சின்னப் புல்லாங்குழல் நெளிவைக்கூட விடமாட்டோம். அப்படிப்பட்ட குழுவுக்குள் பிலோ அக்கா வந்து சேர்ந்தார் என்றால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ஜாஸ்காரர்களுக்கு மெட்டு என்பது புறப்படும் இடம் மட்டும்தான். பிறகு அன்றைக்கு மனம் போன பக்கமெல்லாம் போவார்கள். சொல்லே இல்லாமல் தப-துபி என்று வெறும் சத்தத்தில் பாடுவார்கள். பிலோ அக்கா இதைத் தமிழ்ப் பாட்டிலும் செய்தார். பயிற்சிக்கு வந்தால் ஒருநாள் பாடியதை மறுநாள் பாடமாட்டார்.

"அக்கா, போன கிழமை இந்த இடத்தில மேல போனீங்கள். இண்டைக்குக் கீழ வாறீங்கள். நான் எதைப் பிடிக்கிறது?"

"நீ என்னப் பிடி, மனே."

மனே என்பது மட்டக்களப்பில் மகனைக் கூப்பிடுவது. எனக்கும் அவருக்கும் பத்து வயதுகூட வித்தியாசமில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

நடிப்பிலும் இதே கூத்து. மதுக்கடையில் பாட்டுக் கேட்ட ஒருவர் அவரைப் பிரெஞ்சுத் தொலைக்காட்சி நாடகமொன்றுக்குக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி நடையில் மகனுக்காக அழும் தாய். பேச்சே இல்லை, அழுதால் போதும். இவர் என்ன செய்தார் தெரியுமா? அழுதுகொண்டே "என்ட ராசா" என்று தமிழில் சொல்லிவிட்டார். அவர்களுக்கு அது பிடித்துப்போய் அப்படியே விட்டார்கள். எங்கள் அடுக்குமாடிக் கட்டிடமே கூடியிருந்து பார்த்தது. அதன்பின் யாருக்காவது அழ ஆள் தேவைப்பட்டால் பிலோ அக்காவுக்கு அழைப்பு வரும். சில வருடங்களில் அவர் போவதை நிறுத்திவிட்டார். "ஒருத்தனாவது என்னச் சிரிக்கச் சொல்றானா?" என்றார். அது நியாயமான கோபம்.

அவருக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அந்த மதுக்கடைக்குப் போய் அவர் பாடுவதைக் கேட்டேன். சனம் எழுந்து நின்று கைதட்டியது. வீட்டுக்குக் கொண்டுவந்து விடும்போது அவர் முகம் வாடியிருந்தது.

"நல்லாத்தான் தட்டுறாங்க. ஆனா தமிழ்ல பாடினா அவங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. எங்கட சனம் ஒருக்காக் கேக்கணும், மனே. நான் பாடுற மாதிரிக் கேக்கணும்."

அந்தச் சந்தர்ப்பம் சங்கத்தின் குளிர்கால ஒன்றுகூடலில் வந்தது. அவர் எடுத்தது ஒரு பழைய தாலாட்டு. பெயரைச் சொன்னால் நீங்கள் இப்போதே முணுமுணுக்கத் தொடங்கிவிடுவீர்கள், ஆகவே சொல்லமாட்டேன். மண்டபத்தில் கொத்துரொட்டி வாசம், பிள்ளைகளின் பிரெஞ்சுக் கூச்சல். பிலோ அக்கா கராம்பை ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடினார். முதல் வரி நேராக வந்தது. இரண்டாம் வரியில் மெட்டைவிட்டு இறங்கினார். பிறகு சொல்லையும் விட்டார். தாலாட்டில் பிள்ளை தூங்கவில்லை, தாய் சலித்துப்போய் வெறும் சத்தமாய் முனகுகிறாள், அப்படி இருந்தது. என் விரல்கள் தாமாகவே அவருக்குப் பின்னால் போயின. வாழ்க்கையில் ஒருமுறைதான் அப்படிப் போயின.

சனம் கதிரையில் நெளிந்தது. "பாவம், மறந்துபோனா" என்று முன்வரிசையில் ஒரு பெண் சொன்னது எனக்கே கேட்டது. சங்கத் தலைவர் நடராசா மாஸ்டர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களைப் போலக் கரைச்சல் தருபவர்கள் இல்லை. அவர் எங்கோ தேடி வரிகள் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஏறிவந்துவிட்டார். காதுக்குள் சொல்வதாக நினைத்து மைக்குக்குள் சொன்னார்:

"பிள்ளை, பதறாதேங்கோ. எல்லா வரியும் இதில இருக்கு."

மண்டபம் முழுவதும் ஆறுதலாகக் கைதட்டியது. பிலோ அக்கா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நன்றி மாஸ்டர்" என்றார். பிறகு தொடக்கத்திலிருந்து பாடினார். ஒரு நெளிவு பிசகவில்லை, அப்படியே இசைத்தட்டு. அவரால் அது முடியும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. சனம் எழும்பி நின்று இன்னொருமுறை கேட்டது. அதையும் அப்படியே பாடினார்.

"இப்ப சந்தோசமா, மனே?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கியவர், அதற்குப் பிறகு எங்கள் ஆட்களின் எந்த மேடையிலும் ஏறவில்லை.

பல் வைத்தியரிடமிருந்து வந்ததும், பாதி வாய் விறைத்தபடியே, லண்டனில் மகளோடு இருக்கும் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அன்றைக்கு அந்த இரண்டாம் வரியில் எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கென்ன ஞாபகம்? அண்டைக்கு வந்தது, அண்டையோட போயிற்று" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மதுக்கடை இப்போது கைத்தொலைபேசி விற்கும் கடை. பியானோக்காரர் போய்விட்டார். எங்கள் குழுவும் இல்லை; கலியாணங்களில் கணினியிலிருந்து பின்னிசை போட்டுப் பாடுகிறார்கள், அச்சு அசலாக இசைத்தட்டு. கீபோர்டில் எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன். விரலுக்கு அந்த இடம் பிடிபடவில்லை. ஒரேயொரு தரம், ஒரேயொரு தரமாவது இந்த மனுசி பாடியதையே திரும்பப் பாடியிருந்தால் என் விரலில் அது தங்கியிருக்கும்.

ஒன்றுகூடலின் வீடியோ மட்டும் என்னிடம் இருக்கிறது. படம் எடுத்தவரும் நல்ல மனிதர். மேடையில் ஒருவர் தடுமாறுவதைப் பிடிப்பது மரியாதையில்லை என்று கமராவை நிறுத்தியிருக்கிறார். பிலோ அக்கா மைக்குக்கு வருகிறார், கராம்பை ஒதுக்குகிறார், கண்ணை மூடி முதல் வரியைப் பாடுகிறார், இரண்டாம் வரிக்கு வாயெடுக்கிறார். படம் ஒருமுறை துள்ளுகிறது. அவர் கையில் தாள் இருக்கிறது.