பதினான்கு பேர் படித்த நாட்காட்டி

கல்கத்தாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் எதையும் எங்கேயும் உரக்கப் பேசிவிடுவோம். மெட்ரோவில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் புடவை நிறத்தைப் பற்றி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே விவாதிப்போம். அலுவலகத்தில் என் எதிர் மேசைக்காரர் காது கேட்கவே, கணவரோடு காலையில் விட்ட சண்டையைப் போனில் தொடர்ந்திருக்கிறேன். அவர் தலை நிமிராமல் கோப்பு பார்ப்பார். தமிழ் எங்களுக்குப் பூட்டிய அறை மாதிரி. அந்த நம்பிக்கையால் என் மகளுக்கு நான் செய்ததை இன்னும் என்னால் நிதானமாக எழுத முடியவில்லை.

டல்ஹௌசியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கு வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேர்ந்தபோது மொத்த மாடிக்கும் ஒரே ஒரு ஃபேக்ஸ் மெஷின். கப்பல் வரும் செய்தி வந்தால் அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு மேசை மேசையாக ஓடுவோம். அதிலிருந்து மின்னஞ்சலுக்கு வரவே பல வருடங்கள் ஆயின. பிறகு எங்கள் கம்பெனி சென்னைக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்தது. கம்ப்யூட்டர் சமாசாரம் எல்லாம் சென்னைக்குப் போனது. அடுத்த வருடமே என்னைப் போன்ற மேனேஜர்கள் எல்லாருக்கும் ஸ்மார்ட்போன் கொடுத்தார்கள். கடுகு மாதிரி சின்னச் சின்ன எழுத்துப் பொத்தான்கள் கொண்ட கறுப்புப் போன்.

சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் பிரிவு ஆள் ஒருவர் வந்து அரை மணி நேரம் பாடம் எடுத்தார். "இந்தப் போனோட ஆபரேட்டிங் சிஸ்டமும் நம்ம சர்வரும் எப்பவும் பேசிக்கிட்டே இருக்கும் மேடம். நீங்க இங்க எழுதறது அங்க தானா ஏறிடும். நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்." இதை நான் நோட்டில் எழுதியும் வைத்தேன். மின்னஞ்சலைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

எதிர் மேசைக்காரரை நான் தாதா என்றுதான் கூப்பிடுவேன். இங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். அவருக்கு நான் தீதி, அதாவது அக்கா. அவர் அன்று மாலையே தன் பழைய போனையும் புதிய போனையும் சட்டையின் இரண்டு பைகளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"தீதி, ஒண்ணு முதலாளிக்கு, ஒண்ணு பெண்டாட்டிக்கு. இந்த ரெண்டு பேரும் சந்திக்கவே கூடாது."

"உங்க ரகசியத்தைத் தெரிஞ்சுக்க யார் தாதா காத்துக்கிடக்கா?" என்று சிரித்தேன். என் பழைய போனை அந்த வாரமே வீட்டில் மேசை டிராயரில் போட்டுவிட்டேன். ஒரு கைப்பையில் இரண்டு போன் எதற்கு?

என் மகளுக்குப் பதினைந்து வயதில் வலிப்பு வந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தைய மாதம், லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில். மருந்தில் கட்டுப்பட்டுவிடும் என்றார் டாக்டர். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவளுக்கு இல்லை. அன்று கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்: "டாக்டர், அப்பா, நீ. நாலாவது ஆள் கிடையாது. ஸ்கூல்ல கிடையாது. மெட்ராஸ் பெரியம்மாகிட்ட கிடையாது. ப்ராமிஸ் பண்ணு." நான் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

ஒவ்வொரு தடவையும் எப்போது வந்தது, எத்தனை நிமிடம், முந்தின நாள் தூங்கினாளா, மாத்திரை தவறியதா, மாதவிலக்குத் தேதி என்ன என்று எல்லாவற்றையும் எழுதி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். விலக்கு நாட்களுக்கும் வலிப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். முதலில் ஒரு தாளில் எழுதினேன். தாள் தொலைந்தது. புதுப் போன் வந்ததும் அதன் காலண்டர் எனக்கு வரப்பிரசாதமாகத் தெரிந்தது. எப்போதும் கையில் இருக்கும். மாத்திரை நேரத்தில் மணி அடிக்கும். தமிழ் எழுத்து அதில் கிடையாது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தேன். காலை ஆறரைக்கு வலிப்பு, இரண்டு நிமிடம், நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்று தலைக்குக் குளித்தாள். மாத்திரையை ஒளித்து வைத்திருந்தாள், கண்டுபிடித்துத் திட்டினேன், அழுதாள். டாக்டர், வெள்ளிக்கிழமை நாலு மணி. இப்படிப் பதினொரு மாதம். அலுவலகத்தில் யாராவது போனை எடுத்துப் பார்த்தாலும் என்ன புரியப்போகிறது? தாதாவுக்குத் தமிழில் தெரிந்தது 'சாப்பாடு', 'போதும்' இரண்டுதான்.

ஒரு வியாழக்கிழமை மதியம், சரக்கு ரசீது ஒன்றில் எடை தவறாக இருந்ததைப் பற்றிப் பேசச் சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் மேசைப் போனில் அழைத்தார். என் வயதுதான் இருக்கும். நேரில் பார்த்ததில்லை. எடை விஷயம் முடிந்தது. போனை வைக்கப் போனேன்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கா. பன்னெண்டாவது படிக்கறா."

"இல்ல... போன வாரம் ரெண்டு தடவை வந்துடுச்சே. அதான் மனசு கேக்கல. எங்க நாத்தனார் பொண்ணுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் சரியாப் போச்சு."

எனக்கு ஒரு விநாடி ஒன்றும் புரியவில்லை. இவர் யார், எங்கள் வீட்டு டாக்டருக்கு உறவா என்றெல்லாம் ஓடியது. "உங்களுக்கு யார் சொன்னா?" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"உங்க காலண்டர்லதான் மேடம் இருக்கு. மீட்டிங் போடறதுக்காக மேனேஜர்ங்க காலண்டர் எங்களுக்கெல்லாம் திறந்திருக்குமே. யார் எப்ப ஃப்ரீன்னு பாத்துதானே போடறோம்? நீங்க டாக்டர்கிட்ட போற வெள்ளிக்கிழமையெல்லாம் நான் விட்டுடுவேன்."

அந்த வெள்ளிக்கிழமைகள்! டாக்டரிடம் போகும் நாளில் ஒருமுறைகூட மீட்டிங் வந்து மாட்டியதில்லை. கடவுள் புண்ணியம் என்று கணவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"எத்தனை பேருக்குத் திறந்திருக்கு?"

அவர் வாய்க்குள் எண்ணுவது எனக்குக் கேட்டது. "பதினாலு பேர் மேடம். ஆனா நாங்க வெளியில பேசிக்கல. பாவம், பொம்பளைப் பிள்ளை விஷயம்."

பதினாலு பேர். அத்தனை பேரும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள். என் மகள் எந்த நாள் தலைக்குக் குளித்தாள் என்பதைப் பதினொரு மாதமாக ஒரு அலுவலகமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாகத்தான் அழிக்க முடிந்தது. ஒவ்வொன்றையும் திறக்கும்போது அடியில், திரைக்குக் கீழே தள்ளிப் போய் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் குறியிட்டால் மற்றவர்கள் படிக்க முடியாது. பதினொரு மாதத்தில் ஒருமுறைகூட அவ்வளவு கீழே நான் போனதில்லை. தாதா தேநீர்க் குவளையோடு வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, பதினைந்தாவது ஆளுக்கும் நானே சொல்லிவிட்டேன் என்று.

சென்னை கம்ப்யூட்டர் பிரிவைக் கூப்பிட்டேன். எனக்குப் பாடம் எடுத்த அதே ஆள்தான். "போன்ல அழிச்சா சர்வர்லயும் போயிடும் மேடம். ஆனா பேக்கப் எடுத்து வெச்சிருப்போம், அதுல இருக்கும். அதை யாரும் திறக்க மாட்டாங்க. கவலைப்படாதீங்க."

"அதை அழிக்க முடியாதா?"

"எல்லாரோடதும் ஒண்ணா இருக்கு மேடம். உங்களோடது மட்டும் தனியா எடுக்க முடியாது."

அவளிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றார் கணவர். "அவளுக்குத் தெரியவா போறது?" நானும் இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். அந்த இரண்டு நாளும் அவள் முகத்தைப் பார்த்துச் சோறு போட முடியவில்லை. சனிக்கிழமை காலை அவள் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"பதினாலு பேரா?"

"ஆமாம்மா."

"அவங்களுக்கு என் பீரியட்ஸ் தேதி தெரியுமா?"

நான் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.

"நான் மாத்திரையை ஒளிச்சு வெச்சது?"

"எழுதியிருந்தேன்."

எரிச்சல் வந்தால் அவளுக்கு வங்க மொழிதான் முதலில் வரும். "தூர், மா! அதைப் போய் ஏன் எழுதின? டாக்டர் அதைக் கேக்கவே இல்லையே." சட்டைக் காலரை விரலால் நீவினாள். "நான் அழுததையும் எழுதினியா?"

எழுதியிருந்தேன். யாருக்காக எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுதினால் பயம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

"தமிழ்லதான்மா எழுதினேன். யாருக்கும் புரியாதுன்னு..."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "அம்மா, உலகத்துல தமிழ் நம்ம மூணு பேருக்கு மட்டும்தான் தெரியுமா?" பிறகு சீருடையை ஆணியில் மாட்டிவிட்டு, நான் வைத்த தோசையைத் தொடாமல் ட்யூஷனுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவளே எழுதிக்கொள்கிறாள். எதில் எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியாது. மாத்திரையைத் தானே வாங்கி வருகிறாள், தானே போட்டுக்கொள்கிறாள். அறைக்குள் ஏதாவது விழுந்தால் நான் ஓடிப்போய்க் கதவருகே நிற்பேன். "ஒண்ணுமில்ல, போ" என்று குரல் வரும். குரல் வந்தால் சரி என்று திரும்பிவிடுவேன். மற்றபடி என்னோடு பேசுகிறாள், சாப்பிடுகிறாள், துர்கா பூஜோவுக்கு என்ன துணி வேண்டும் என்று சொல்கிறாள். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது.

சென்ற வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போனோம். அவருடைய அறைக்குள் வழக்கமான இரண்டு நாற்காலிகள். நான் உட்காரப் போனேன். மூன்று மாதத்தில் எத்தனை தடவை வந்தது என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அம்மா வெளியில இருக்கட்டும், டாக்டர்," என்றாள் வங்க மொழியில்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. நான் எழுந்து வந்தேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் பைக்குள் போன் அதிர்ந்தது. சென்னையிலிருந்து மீட்டிங், நாலரை மணிக்கு. என் காலண்டரில் இப்போது எல்லா வெள்ளிக்கிழமையும் காலியாகத்தான் இருக்கிறது. போனை அணைத்துவிட்டுக் கதவுப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தேன். உள்ளே அவள் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், வலிப்பு வந்த தேதிகளாகத்தான் இருக்கும்; ஒவ்வொன்றுக்கும் டாக்டர் "ஹூம்" கொட்டிக்கொண்டிருந்தார். வார்த்தைகள் எட்டவில்லை. ஏழோ எட்டோ "ஹூம்" வரைக்கும் எண்ணினேன். அதற்கு மேல் எண்ண எனக்குத் தைரியம் இல்லை.