வாசலில் ஒரு சின்னச் சிலிப்பர்

வெளிர்சிவப்பு ரப்பர் சிலிப்பர், நான்கு வயதுப் பிள்ளைக்கு அளவானது. தெப்ராவில் ஒரு வாடகை வீட்டு வாசலில், ஆண்களின் இரண்டு ஜோடிக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. எங்கள் போலீஸ் படையின் சார்ஜன் கடைசியாக உற்றுப் பார்த்த பொருள் அதுதான்.

எங்கள் ஊரில் யாரும் காலணியோடு வீட்டுக்குள் போவதில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அதே வழக்கம். அதனால் சோதனைக்குப் போகும் போலீஸ்காரன் முதலில் வாசலைப் பார்ப்பான். எத்தனை ஜோடியோ உள்ளே அத்தனை பேர். திருடர்களிடமும் போதைப்பொருள் விற்பவர்களிடமும் அந்தக் கணக்கு தப்பியதே இல்லை. இந்த வீட்டில் இருந்தவர்கள் வேறு ரகம். அவர்களுக்கு நாடு கிடையாது, சீருடை கிடையாது. எங்கிருந்தோ ஒருவன் கைப்பேசியில் சொல்வான், இங்கே வெடிமருந்து கலப்பார்கள். "பட்டாளத்துல இருந்தா எதிரி எந்தப் பக்கம்னு தெரியும். இவனுங்க நம்ம பக்கத்துல நின்னு நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் வாங்குறானுங்க லா," என்று வேனில் சார்ஜன் அலுத்துக்கொண்டார். பெக்கான் நானாஸ் ஊர்க்காரர், எரிச்சலில் பேசினாலும் பக்கத்தில் இருப்பவனுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

சிலிப்பரைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "உள்ள பிள்ள இருக்கு. யாரும் அவசரப்பட்டுச் சுடாதீங்க." கதவை உடைத்தோம். ஹாலில் இரண்டு ஆண்கள் கையைத் தூக்கிக்கொண்டு மண்டியிட்டார்கள். கணக்கு சரியாக இருந்தது. சார்ஜன் துப்பாக்கியைத் தாழ்த்தி, சமையல் செய்யும் குசினிப் பக்கம் குனிந்து, "அடிக், ஜாங்கான் தாக்குட்," என்று மலாயில் கூப்பிட்டார்; பயப்படாதேம்மா என்று. பூட்ஸ் போட்ட மூன்றாவது ஆள் பாராங் கத்தியோடு அங்கிருந்து பாய்ந்தான். முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. அடுத்ததைத் தடுக்கத் தூக்கிய கை மணிக்கட்டோடு தொங்கியது. நான் சுட்டேன், அவன் விழுந்த பிறகும் சுட்டேன். சார்ஜனின் கழுத்தை இரண்டு கையாலும் அழுத்தினேன், விரலிடுக்கில் ரத்தம் சூடாக வந்துகொண்டே இருந்தது. "பிள்ளய... பாரு," என்றார். என் கைக்குள்ளேயே உயிர் போனது.

வீட்டில் பிள்ளையே இல்லை. சிலிப்பரின் அடியில் ஒரு பொட்டு மண் இல்லை, கடையில் வாங்கி வைத்தது. எங்கள் வழக்கத்தை எங்களைவிட நன்றாகப் படித்திருந்தார்கள். செத்தவனின் சட்டைப்பையில் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. வெளிநாட்டு எண். அந்தப் பக்கம் இருப்பவனைச் சுட எனக்கு வழியில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்றும் அடங்கவில்லை.

போன மாதம் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வீடு. அதே மாதிரித் தகவல், வாசலில் அதே மாதிரிச் சின்னச் சிலிப்பர். அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, துப்பாக்கியைத் தாழ்த்தாமல் உள்ளே போனேன். குசினித் திரை அசைந்தது. என் விரல் விசையை அழுத்தத் தொடங்கியிருந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை வெளியே வந்தாள்.

தகவல் தவறு. வீட்டில் அவளும் அவள் அம்மாவும்தான். சிலிப்பரை எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தேன். அடியில் மண் ஒட்டியிருந்தது. அவள் அதைப் போட்டுக்கொள்ளாமல், தூக்கிய கையையும் இறக்காமல், வெறுங்காலோடு பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.