மூன்று கண் கன்றின் தோல்

திருவட்டார் பக்கம் ராஜையனின் தொழுவத்தில் வைகாசிக் கடைசியில் ஒரு கன்று பிறந்தது. ஒரே தலையில் இரண்டு முகங்கள். நடுவில் ஒரு பெரிய கண்ணோடு சேர்த்து மூன்று கண்கள். ஒரு மணி நேரம் மூச்சுவிட்டு அடங்கிப்போனது. புதைக்க மனம் வராமல் ராஜையன் அதைச் சாக்கில் பொதிந்து, ஆட்டோவில் மார்த்தாண்டத்தை ஒட்டிய கல்லூரிக்குக் கொண்டுவந்தார்.

அங்கே விலங்கியல் ஆய்வகத்தில் ஸ்டெனி உதவியாளர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலமாரியில் பூச்சி அரித்துக் கிடந்த, பாடம் செய்த முயலைத் தூக்கி எறியச் சொன்னார்கள். அவள் பிரித்துப் பார்த்தாள். உள்ளே வைக்கோல், கம்பி, பழைய மலையாளச் செய்தித்தாள். அன்று தொற்றிய ஆர்வத்தில், செத்த கோழி, பூனை, ஆடு என்று தோலுரித்து, உள்ளே அடைத்து, உயிருள்ளதுபோல் பாடம் செய்யத் தானே பழகிக்கொண்டாள்.

"இதையும் நிக்க வைப்பியா மோளே?" என்றார் ராஜையன்.

"வைக்கலாம் அண்ணாச்சி. தோல எதுல பதப்படுத்தணும்ணுதான் யோசிக்கேன்."

அதுவரை எல்லாவற்றுக்கும் படிகாரமும் உப்பும்தான். ஆனால் போன மழையில் அப்படிச் செய்த ஆட்டின் தோல் வியர்த்தது. வெயில் வந்ததும் சுருங்கி, கண்ணோரத் தையல் பிளந்துவிட்டது. கன்றின் நடுக்கண்ணைச் சுற்றியோ விரலகலத் தோல்கூட இல்லை. பிளந்தால் ஒட்டுப்போட இடமில்லை.

உரித்த தோலை ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வயிற்றோரத்தில் மட்டும் மூன்று துண்டுகள் வெட்டிக்கொண்டாள். ஒன்று படிகாரத்தில். இன்னொன்று ஆவாரம்பட்டை ஊறிய நீரில். மூன்றாவதை அமிலக் கரைசலில் ஊறவைத்து, பிறகு சென்னையிலிருந்து வரவழைத்த செயற்கைப் பதப்பொடியில் போட்டாள்.

அந்த மூன்றாவதுதான் முதலில் ஏமாற்றியது. தடவியதும் முடி கையோடு வந்தது. பொடிதான் மோசமோ? அமில அளவு காட்டும் காகிதத்தை அதில் நனைத்துப் பார்த்தபோது கரைசலில் அமிலம் போதவில்லை என்று தெரிந்தது. தோல் அதற்குள் அழுகத் தொடங்கியிருந்தது. அமிலத்தைக் கூட்டி, புதுத் துண்டு ஒன்றைப் போட்டாள். ஒரு முடிகூட உதிரவில்லை.

ஈரத்தைத் தாங்குமா என்று பார்க்க, மூன்றையும் வீட்டுக் குளியலறையில் தொங்கவிட்டாள். கணவன் ஜான்ரோஸ் வெந்நீர் வாளியோடு உள்ளே போனவன் அப்படியே திரும்பி வந்தான்.

"ஏட்டி, எனக்குக் குளிக்கண்டாமா?"

"குளிங்க. நல்லா ஆவி வரணும், கதவச் சாத்திக்கிடுங்க."

நான்கு நாளில் படிகாரத் துண்டு பிசுபிசுத்தது. பட்டைத் துண்டு உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளை முடி தேயிலைச் சாயம் ஏறியதுபோல் ஆகிவிட்டது. கன்றோ கறுப்பும் வெள்ளையும். செயற்கைப் பொடியில் பதப்பட்ட துண்டு காய்ந்தே இருந்தது. இழுத்தால் நீண்டு கொடுத்தது. அதையே முடிவு செய்தாள்.

ஆடிச் சாரலில் கன்று கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. இடது காது மட்டும் சற்றுச் சுருங்கியிருந்தது. நடுக்கண்ணின் தையல் பிரியவில்லை.

பார்க்க வந்த ராஜையன் பெட்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

"அண்ணாச்சி, ஒரு காரியம் கேக்கட்டா? இது இந்த நடுக்கண்ணால கண்டுதா? உரிக்கும்போ அதுக்குப் பின்னால ரெண்டு நரம்பு பாத்தேன். அதுலேருந்து இதே நெனப்பு."

ராஜையன் குனிந்து நடுக்கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தார்.

"தொழுவத்துக் கதவத் தொறந்தப்ப முகத்துல வெயிலு விழுந்துது மோளே. அப்ப முதல்ல மூடுனது அந்தக் கண்ணுதான்."

ஸ்டெனி பேனாவை எடுத்து, பெட்டியில் ஒட்ட வேண்டிய அட்டையில் அதை அப்படியே எழுதினாள்.