இரண்டு கையெழுத்துக் கணக்கு

என் கணவர் பட்டாளத்தில் இருந்த பதினைந்து வருஷமும் எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவில் வருவார். முதல் மாதம் உறவுக்காரர் வீட்டு விருந்துகளில் போய்விடும். இரண்டாம் மாதம் ஊருக்குப் போகிறவருக்கு முறுக்கு சுடுவதில் போய்விடும். சண்டை போட எங்கே நேரம்? எழுபதுகளின் கடைசியில் பென்ஷன் வாங்கிக்கொண்டு, தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாகத் திருத்தணி ஸ்டேஷனில் வந்து இறங்கினாரே, அன்றைக்கு ஆரம்பித்தது.

காலை ஐந்து மணிக்கு விசில் ஊதுவார். வீட்டில் இருப்பது நானும் அவரும் மட்டும்தான். விசில் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டம்ளர்களை உயரவாரியாக அடுக்க வேண்டும். போர்வையை மடித்து வைத்தால், மூலை சரியில்லை என்று பிரித்துப் போடுவார். நானோ அந்த மலையடிவாரத்து ஓட்டு வீட்டில் பதினைந்து வருஷம் தனி ராஜ்ஜியம் நடத்தியவள். கைத்தறியில் லுங்கி நெய்து, கூலி வாங்கி, இஷ்டப்பட்ட நேரத்தில் பொங்கித் தின்றவள். மூன்றாம் மாதம் பிறந்ததும் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"லீவு முடிஞ்சிச்சே, எப்போ கிளம்புறீங்க?"

அவர் கோபப்படவில்லை. "அதான் நானும் யோசிச்சிகினு இருக்கேன்" என்றார்.

ஒன்றரை வருஷம் இழுத்துப் பிடித்தோம். பிறகு நான் அம்மையார்குப்பத்தில் என் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் வாசலைத் தாண்டியதுமே, தம்பியைக் கவனித்துக்கொள்ள என்று அவருடைய அண்ணன் குடும்பத்தோடு அந்த வீட்டில் குடியேறிவிட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருவரும் சம்மதித்தால் விவாகரத்து சீக்கிரம் கிடைக்கும் என்று வக்கீல்கள் சொன்னார்கள். பிரிவதில் எங்களுக்குச் சம்மதம்தான், பணத்தில்தான் இடித்தது.

பணம் தபால் ஆபீசில் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. கல்யாணமான புதிதில் அந்தக் கணக்கைத் திறந்தபோது, ஒருவர் கையெழுத்துப் போட்டாலே எடுக்கலாமா, இருவரும் போட வேண்டுமா என்று குமாஸ்தா கேட்டார். பட்டாளத்துக்காரர்கள் பொதுவாக ஒருவர் போதும் என்பார்கள். எல்லையில் இருப்பவனை ஒரு கையெழுத்துக்காகக் கூப்பிட முடியுமா? நாங்கள் மட்டும் ஒரே குரலில், இரண்டு பேரும் போட வேண்டும் என்றோம். அவர் மனதில் இருந்தது என் அண்ணன். என் மனதில் இருந்தது அவருடைய அண்ணன். இருவருமே கைமாற்று என்று வாங்கிவிட்டு அதை மொய் என்று நினைத்துக்கொள்ளும் ரகம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் யோசிக்காமல் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

அவர் அனுப்பியதில் மிச்சம், என் நெசவுக் கூலியில் மிச்சம், கடைசியில் பட்டாளம் கொடுத்த மொத்தத் தொகை எல்லாம் அதில்தான் கிடந்தது. பாதி வந்தால் சொந்தமாக ஒரு விசைத்தறி போட்டு, ஒரு வாடகை வீடு பார்த்துக்கொள்ளலாம். வராவிட்டால் காலத்துக்கும் அண்ணி போடுகிற சோற்றை அண்ணியின் முகத்தைப் பார்த்தபடியே விழுங்க வேண்டும். அதனால் பாதிக்கு ஒரு பைசா குறையக் கூடாது என்று நின்றேன். மூன்றில் ஒரு பங்குதான் என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. பனிமலையில் நின்றது என் தம்பியா, அவளா என்று அவருடைய அண்ணன் கேட்டாராம். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது யார் என்று நான் சொல்லி அனுப்பினேன்.

இதற்குள் எங்கள் பணத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர்களுக்குக் கணக்கே இல்லை. எப்படியாவது மொத்தத்தையும் எடுத்துத் தன் பெயரில் போட்டுவிட்டால் அந்த ஆள் கை வைக்க முடியாது என்று என் அண்ணன் தினமும் ஓதினார். இதே பாட்டை அங்கே அவருடைய அண்ணனும் பாடிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையெழுத்துக்குப் பைசா பெயராது என்பதால் இரண்டு அண்ணன்களும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்.

வக்கீல்களோ ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஃபீஸ் கேட்டார்கள். என் நெசவுக் கூலி அண்ணி கைக்கும் அவருடைய பென்ஷன் அவருடைய அண்ணி கைக்கும் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் வக்கீல்களே கூடிப் பேசி ஒரு வழி சொன்னார்கள். தீர்ப்பு வரும் வரை, ஃபீசுக்கு மட்டும் மாதாமாதம் இருவரும் சேர்ந்து போய்ச் சமமாக எடுத்துக்கொள்ளலாம். ஆக, ஒருவரோடு ஒருவர் கோர்ட்டில் மோதுவதற்கான பணத்தை எடுக்க நாங்கள் ஜோடியாகத் தபால் ஆபீசுக்குப் போகத் தொடங்கினோம். நான் ஆர்.கே.பேட்டை வழியாக வரும் பஸ்ஸில் திருத்தணியில் வந்து இறங்குவேன். அவர் பஸ் ஸ்டாண்டில் விறைப்பாக நின்றுகொண்டிருப்பார். பஸ் தாமதமாக வந்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்பார்.

முதல் மாதமே ஒரு தகராறு. பிறந்த வீட்டுக்கு வந்தபின் நான் நைனாவின் இனிஷியலைப் போட ஆரம்பித்திருந்தேன். படிவத்திலும் ரோஷமாக அதையே போட்டேன். மாதிரிக் கையெழுத்தில் வீட்டுக்காரர் இனிஷியல்தானே இருக்கிறது, இது செல்லாது என்று குமாஸ்தா திருப்பிக் கொடுத்தார். இவரை விட்டு விலகுவதற்குத்தான் இந்தப் பணம் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

"அது கோர்ட்ல சொல்லும்மா. இங்க நீ அவரு சம்சாரம்தான்" என்றார்.

வேறு வழியில்லாமல் அவருடைய இனிஷியலையே போட்டேன். பக்கத்தில் நின்றவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை மட்டும் ஆடியது. அன்றைக்கு அவரை அப்படியே விட்டுவிட்டு வந்ததற்கு என் பொறுமையைத்தான் மெச்ச வேண்டும்.

இப்படியே ஏழெட்டு மாதம் போயிற்று. ஒரு கிருத்திகை அன்று காலை, பஸ் கண்டக்டர் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பணம் எடுக்கும் படிவம். கீழே அவர் கையெழுத்து. பின்பக்கம், பணத்தை என்னிடமே கொடுக்கலாம் என்று எழுதி அங்கேயும் ஒரு கையெழுத்து. கூடவே ஒரு துண்டுச் சீட்டில் காய்ச்சல், வர முடியவில்லை என்று இருந்தது. தொகை எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

என் அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். "பாப்பா, மொத்தமும் எழுது. முருகனே பார்த்து குடுத்துகிறாரு" என்றார். அவர் கண்ணில் மூன்று விசைத்தறிகள் ஓடுவது எனக்குத் தெரிந்தது. மூன்றும் அவர் பெயரில்.

எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். திருத்தணி வரைக்கும் காவடிக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே யோசித்தேன். மொத்தமும் எழுதினால் அவர் என்ன ஆவார் என்று நினைக்கப் பாவமாக இருந்தது. வழக்கம்போல ஃபீசுக்கு மட்டும் எழுதினால் நான் என்ன ஆவேன் என்று நினைக்க எரிச்சலாக வந்தது. கடைசியில், தபால் ஆபீசில் கட்டிப் போட்ட பேனாவை எடுத்து, இருப்பில் சரிபாதியை எழுதினேன். அவருடைய இனிஷியலோடு கையெழுத்துப் போட்டேன்.

குமாஸ்தா ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். இவ்வளவையும் நீயே வாங்கிக்கொள்வது அவருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

எதுவானாலும் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். காய்ச்சல்காரர் ஆயிற்றே என்று கொஞ்சம் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டேன். மலைப்படிக்குப் பக்கத்தில் போகும்போது, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் லெஃப்ட் ரைட் போட்டு ஒருவர் இறங்கி வந்தார். காய்ச்சலுக்கான அறிகுறி ஒன்றும் இல்லை.

படியில் ஓரமாக உட்கார்ந்தோம்.

"எவ்ளோ எடுத்தே?"

"பாதி."

"எண்ணிப் பார்த்து வாங்குனியா?"

"ஆங்."

தலையை ஆட்டினார். மூன்றில் ஒன்றுக்கு மேல் ஒத்துக்கொள்வதில்லை என்று அவருடைய அண்ணன் மலையைக் காட்டிச் சத்தியம் வாங்கியிருந்தாராம். பாதி என்று வாயால் சொல்ல முடியாது. அதனால்தான் காய்ச்சல், அதனால்தான் வெறும் படிவம்.

"நான் மொத்தமும் எடுத்திருந்தா?"

"நீ எடுத்துடுவேன்னு அண்ணன் சொல்லிகினே இருந்தாரு. அவரு சொன்னது எதுவும் இதுவரைக்கும் நடந்ததில்ல" என்றார்.

அவருடைய பாதியை எப்போது எடுக்கப்போகிறார் என்று கேட்டேன்.

"அது அங்கியே கெடக்கட்டும். நீ போடாம யாரும் எடுக்க முடியாதில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதரையா விட்டுப் பிரியப்போகிறேன் என்று முதல் தடவையாக நெஞ்சு வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், நான் கொடுத்த சாத்துக்குடிகளைப் படியில் உயரவாரியாக வரிசை வைத்துக்கொண்டிருந்தார். உடனே எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அடுத்த வாய்தாவில் பணத் தகராறு எதுவும் இல்லை என்று இருவரும் சொன்னோம். விவாகரத்து கிடைத்தது. நான் விசைத்தறி போட்டேன். என் அண்ணன் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அந்த வருஷம் நிம்மதியாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அவருடைய அண்ணன் என் தறிக்கொட்டகைக்கே வந்தார். கையில் படிவம். மிச்சப் பாதியும் மொத்தமாக எழுதியிருந்தது. கீழே அவர் கையெழுத்து அழகாக விழுந்திருந்தது. தம்பியே மனசார ஒப்புக்கொண்டு போட்டுக் கொடுத்தான், நீயும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றார். நூல் அறுந்திருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று தறியை ஓடவிட்டேன். அந்தச் சத்தத்தில் அவர் மேற்கொண்டு சொன்னது ஒன்றும் என் காதில் விழவில்லை.

அந்த வாரமே இவர் வந்தார். உள்ளே வரவில்லை.

"அண்ணன் வந்தாரா?"

"வந்தாரு."

"போட்டியா?"

"போடல."

சரி என்று ஒரு பையைக் கதவோரம் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். பிரித்துப் பார்த்தேன். சாத்துக்குடி. பெரியதெல்லாம் அடியில், சிறியதெல்லாம் மேலே.