இடித்துவிட்டதாகச் சொன்ன பள்ளிவாசல்

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் குடியிருக்கும் சண்முகலிங்கம், தன் மனைவிக்கு ஒரேயொரு பொய்தான் சொன்னார். அது கல்லால் கட்டிய பொய். நானூறு வருடத்துக்கு மேலாக அசையாமல் நிற்கிறது.

கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன், 1992இல் அவரைப் பல்கேரியாவின் சோபியா நகரில் விட்டுவிட்டு மறைந்தான். நகர நடுவில், துருக்கியர் ஆண்ட காலத்துப் பள்ளிவாசல் ஒன்று, பெரிய குவிமாடமும் நெட்டையான ஒற்றை மினாருமாக. அதற்குப் பக்கத்துக் குழாய்களில் நிலத்தடிச் சுடுதண்ணீர் வரும். ஏழு மாதம் அங்கேதான் முகம் கழுவினார். பொலிசைக் கண்டால் கட்டடத்தின் மறுபக்கம் போய்விடுவார்.

அந்த நேரம் பார்த்துப் பெண் வீட்டார், "மாப்பிள்ளை கனடா போயிட்டாரெண்டால் படம் ஒண்டு அனுப்பட்டும்" என்றார்கள். இரவல் கோட்டுடன் பள்ளிவாசல் முன்னால் நின்று எடுத்தார். பின்பக்கத்தில், 'ரொறன்ரோவில் நான் வேலை செய்யும் பக்ரறி' என்று எழுதி, பள்ளிவாசலைத் தொழிற்சாலையாக்கினார்.

கலியாணம் சரிவந்தது. அதற்குப் பிறகு கனடாவும் சரிவந்தது. மனைவி யோகராணி வந்து இறங்கிய கிழமையே பக்ரறியைக் காட்டச் சொன்னாள்.

"அதை இடிச்சுப்போட்டாங்கள். கொண்டோ மாடிவீடுகள் கட்டப்போறாங்களாம்."

ரொறன்ரோவில் இதற்குச் சாட்சி தேடத் தேவையில்லை. எந்தத் தெருவிலும் பழைய கட்டடத்தை இடித்துத் தோண்டி வேலி அடைத்த கிடங்கு ஒன்று இருக்கும். யோகராணி கையோடு கொண்டுவந்த அந்தப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். வருகிறவர்களிடம், "உந்த நெட்டையாத் தெரியிறது புகைபோக்கி. என்ன வடிவான பக்ரறி, பாவியள் இடிச்சுப்போட்டாங்கள்" என்பாள். முப்பது வருடமாகச் சண்முகலிங்கம் தேத்தண்ணியைக் குனிந்தபடியே குடித்தார்.

போன மாதம் மகள் துவாரகா ஐரோப்பா சுற்றக் கிளம்பினாள். பட்டியலில் மூன்றாவதாகச் சோபியா.

"உந்த ஊரிலை ஒண்டுமில்லைப் பிள்ளை."

"நீங்கள் போனதே இல்லையே, சில் பண்ணுங்கோ அப்பா."

ஞாயிறு மத்தியானம் யோகராணியின் போனுக்குப் படம் வந்தது. துவாரகா அதே குவிமாடத்தின் முன்னால். கூடவே குரல்: "அம்மா, அப்பான்ரை பக்ரறி! ஓ மை கோட், இது மொஸ்க்!"

யோகராணி கண்ணாடியைப் போட்டு, போனைச் சுவர்ப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். சண்முகலிங்கம் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"இஞ்சேருங்கோ, இடிச்சதைக் கொண்டுபோய் அங்கை திருப்பிக் கட்டிப்போட்டாங்களோ? புகைபோக்கியும் அப்பிடியே நிக்குது."

"உண்மையை எழுதியிருந்தால் உன்ரை கொப்பர் உன்னைத் தந்திருப்பாரே?"

"தந்திருக்கமாட்டார். ஊர்ச் சனத்துக்கெல்லாம் உந்தப் படத்தைக் காட்டின என்ரை முகத்தை இனி எங்கை வைக்கிறது? ரிக்கெற்றைப் போடுங்கோ. என்னைக் கட்டித்தந்த பக்ரறியை நானும் பாக்கோணும்."

"அங்கை பொலிஸ் நிக்குமப்பா."

"கனடாப் பாஸ்போட்காரரை ஆர் பிடிக்கிறது?"

அவர் அலுமாரியைத் துழாவிப் பாஸ்போட்டை எடுத்தார். எங்கும் போகாத மனிதன், அது காலாவதியாகி நாலு வருடம். புதுசுக்குப் படம் எடுக்க வேண்டும் என்றார்.

யோகராணி சுவரில் இருந்ததைக் கழற்றி நீட்டினாள்.

"இதைக் குடுங்கோ. கனடாவிலை எடுத்ததுதானே."