இருபத்தெட்டு ஆட்டமும் புகைபோக்கி வீடும்

அரசியல் சூழ்ச்சி என்று யாராவது கண்ணை உருட்டிப் பேசினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அந்தப் பாடத்தை நான் படித்தது சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஸ்டாஃப் கிளப் என்று பலகை மாட்டியிருந்த தகரக் கொட்டகையில். வாத்தியார் முப்பத்திரண்டு சீட்டுகள். ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே சின்ன கிளார்க். பாலக்காட்டுக்குக் கிழக்கேயிருந்து பிழைக்கப் போனவன். என்னைப் பற்றி எனக்கு அப்போது இருந்த அபிப்பிராயத்தை அந்த மலை எப்படித் தாங்கியது என்று தெரியவில்லை.

ஆட்டத்தின் பெயர் இருபத்தெட்டு. நாலு பேர் ஆடுவது. எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. இத்தனை புள்ளி எடுப்பேன் என்று யார் அதிகம் கேட்கிறானோ அவன்தான் துருப்பைத் தீர்மானிப்பான். அந்தச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவான். இன்னொருவன் வாய் திறந்து கேட்கும்வரை அது என்னவென்று வேறு யாருக்கும் தெரியாது. இந்த ஆட்டத்தில் ராஜாவுக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. குலான் என்கிற ஜாக்கிதான் எல்லாருக்கும் மேல். எஸ்டேட்டும் அப்படியேதான் நடந்தது. துரை பங்களாவில் நாய்க்குட்டிகளுக்கு உண்ணி பொறுக்கிக்கொண்டிருப்பார். ஹெட்கிளார்க் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார்.

ஹெட்கிளார்க் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். அவருக்கு ஜோடி ஸ்டோர்கீப்பர், பத்து வருஷமாக. எனக்கு ஜோடி ஃபாக்டரி ஃபிட்டர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஹெட்கிளார்க் மூக்கைச் சொறிந்தால் கையில் குலான் இருக்கிறது என்று அர்த்தம். தொண்டையைச் செருமினால் இஸ்பேடு இறக்கு என்று அர்த்தம். எங்களுக்கும் இது தெரியும். தெரிந்து என்ன செய்வது? லீவுச் சீட்டில் கையெழுத்துப் போடுகிற மூக்கு அது. சொறிந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

தோற்ற ஜோடி குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். ஃபியூஸ் கம்பியை வளையமாக்கி, தேயிலைப் பெட்டிப் பலகைத் துண்டு ஒன்றை அதில் கோத்துக் காதில் தொங்கவிடுவது. ஜெயிக்கும்வரை கழற்றக் கூடாது. வீட்டுக்கும் அப்படியேதான் போக வேண்டும். ஹெட்கிளார்க் தோற்பது அபூர்வம். தோற்றாலும் அது ஆபீஸ் காது அல்லவா? தன் குணுக்கையும் ஸ்டோர்கீப்பரின் இன்னொரு காதில் மாட்டிவிடுவார். இரண்டு காதிலும் தொங்க, அந்த மனிதர் பூம்பூம் மாடு மாதிரி உட்கார்ந்திருப்பார். எல்லாரும் சிரிப்போம். சத்தமாகச் சிரித்தவன் நான்.

அந்த வருஷம் ஃபாக்டரியில் தேயிலைப் பதம் பார்க்கிற டீமேக்கர் ஒருவர் ஊருக்குப் போய்விட, குளிர்காய அடுப்பும் புகைபோக்கியும் வைத்த வீடு ஒன்று காலியானது. ஃபிட்டர் குடியிருந்தது லயம் என்கிற கூலி வரிசை வீடுகளில், கடைசி வீடு. ஆடி மழைக்குச் சுவரில் தண்ணீர் வழியும். அவர் மனைவிக்கு இழுப்பு நோய். படுத்தால் மூச்சு முட்டும் என்று மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்தபடியே தூங்குவாள். அவர் அந்த வீட்டைக் கேட்டு மனுக் கொடுத்தார். ஹெட்கிளார்க்கோ தன் மச்சினன் மகனுக்குக் கேட்டார். கல்யாணமாகாத பையன், அவனிடம் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி. அந்தப் பெட்டிக்குக் குளிருமாம்.

நாட்டில் தேர்தல் நடந்த புதுசு. துரைக்கும் ஜனநாயகக் காய்ச்சல் வந்து, மூன்று பேர் கமிட்டி போட்டு ரகசியமாக ஓட்டெடுத்து முடிவு செய்யுங்கள் என்றுவிட்டார். ஹெட்கிளார்க், ஸ்டோர்கீப்பர், நான். என் ஓட்டு உங்களுக்குத்தான் என்று ஃபிட்டரிடம் அவர் வீட்டு வாசலில் வைத்தே வாக்குக் கொடுத்தேன். உள்ளேயிருந்து அந்த அம்மா இழுப்புக்கு நடுவே, "நல்லா இருப்பிய" என்றாள்.

ஓட்டெடுப்புக்கு முதல் நாள் சாயங்காலம் ஹெட்கிளார்க் கிளப்பில் ஜோடியை மாற்றினார். எனக்குத் தெரிந்து நடக்காத காரியம். நம்மூர்த் தம்பி இன்றைக்கு எனக்கு எதிரே உட்காரட்டும் என்றார். ஸ்டோர்கீப்பர் எழுந்து ஃபிட்டருக்கு எதிரே போய் உட்கார்ந்தார். ஹெட்கிளார்க் மூக்கைச் சொறிந்தார், எனக்குப் புரிந்தது. செருமினார்; இஸ்பேடு இறக்கினேன். தொடர்ந்து நாலு ஆட்டம் ஜெயித்தோம். ராஜசபையில் எனக்கு ஆசனம் போட்டுவிட்டதாக நினைப்பு. ஒரு மர ஸ்டூலுக்கு இத்தனை மயக்கம்.

திரும்பும்போது என்னைத் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, ரெண்டு ஓட்டு இப்பவே நம்ம கையில இருக்குதுங்க. நீங்க அந்தப் பக்கம் போட்டாலும் ஊடு அவனுக்குக் கெடைக்கப் போறதில்லீங்க. எதுக்கு ஒத்தையில நிக்கோணும்?"

வெறுங்கையோடு இருபத்திரண்டு கேட்டு எதிராளியைப் பயமுறுத்துகிறவர் அவர். நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும் நம்பினேன். மேசையில் பத்து வருஷ ஜோடி என்றால் வெளியிலும் ஜோடிதான் என்று சீட்டாடியின் கணக்குப் போட்டேன். இரண்டு காதிலும் குணுக்குத் தொங்க உட்கார்ந்திருந்தவனின் மனசில் என்ன இருக்கும் என்று, அத்தனை நாள் ஒரே மேசையில் உட்கார்ந்தும் நான் யோசிக்கவில்லை. ஸ்டோர்கீப்பர் வீடு என் வழியில்தான் இருந்தது. கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு, ஃபிட்டர் பக்கம்தான் என்று அவர் சொல்லியிருந்தால், எனக்குத் தப்பிக்க வழி இருந்திருக்காதே.

மறுநாள் பிஸ்கட் டின்னில் மூன்று துண்டுச் சீட்டுகள் விழுந்தன. ஹெட்கிளார்க்கே பிரித்தார். மச்சினன் மகனுக்கு இரண்டு. ஃபிட்டருக்கு ஒன்று. அந்த ஒன்று ஊதாப் பென்சிலில் எழுதியிருந்தது. எஸ்டேட்டில் சாமான் பட்டியலை ஊதாப் பென்சிலில் எழுதுகிறவர் ஒருவர்தான். ஜெயித்த சந்தோஷத்தில் ஹெட்கிளார்க் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டார், பென்சிலின் நிறத்தைக் கவனிக்கவில்லை. நான் நிமிர்ந்தபோது ஸ்டோர்கீப்பர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இவனை நம்பினோமே என்கிற அலுப்பு மட்டும் இருந்தது. ஹெட்கிளார்க் துண்டுச் சீட்டுகளை அடுப்பில் போட்டுவிட்டு, ஜனநாயகம் என்றால் இதுதான் என்று சொல்லி டீ வரவழைத்தார். நானும் குடித்தேன்.

சாயங்காலம் ஃபிட்டர் என் வீட்டுக்கு வந்தார். சட்டை நனைந்திருந்தது. திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"நீங்க வருத்தப்படாதிய சார். ஒரு ஓட்டு விழுந்திச்சுல்லா, அது நீங்கதாம்னு எனக்குத் தெரியாதா? வீட்லயும் சொல்லிட்டேன். அந்த ஸ்டோர்க்காரன் மூஞ்சியில இனி நான் முழிக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தார். நான் எஸ்டேட்டை விடும்வரை ஸ்டோர்கீப்பரோடு அவர் பேசவில்லை. ஸ்டோர்கீப்பரும் தான் போட்ட ஓட்டைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஹெட்கிளார்க் அவரை வாழவிட மாட்டார். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். அன்றைக்கு வாசலில் நின்றபோது அதற்கு எனக்கு ஒரு நிமிஷம் முழுசாகக் கிடைத்தது.

"என்னால ஆனது அவ்வளவுதானுங்க" என்றேன்.

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மழையில் லயத்துக்கு இறங்கிப் போனார்.